தேம்ஸ் நதியும் லண்டன் மாநகரின் கழிநீரும்

ஒரு மாநகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் அரண்மனைகளையும் ஆலயங்களையும் அரசவைகளையும் சென்று பார்ப்பது வழக்கம். அந்நகரத்தின் தெருக்களுக்குக் கீழே ஓடும் கழிநீர்க் கால்வாய்களைப் பார்க்க எவரும் செல்வதில்லை. அவற்றைப் பற்றி நல்லோர் கூடிய சபையிலே பேசுவதும் நாகரிகமன்று என்றே பலர் கருதுவர். ஆயினும், இலட்சக்கணக்கான மக்கள் ஓரிடத்திற் கூடி, நோயின்றி வாழ்வதை இயலச் செய்தவை அந்தக் கால்வாய்களே. நேயர்களே, லண்டன் மாநகரம் தன் கழிநீரை என்ன செய்தது, அதனை ஏற்றுக்கொண்ட தேம்ஸ் நதிக்கு என்ன நேர்ந்தது என்னும் இருநூறு ஆண்டுக் கதையை இன்றைய பேச்சிற்கு எடுத்துக்கொள்வோம்.

1801ஆம் ஆண்டில் லண்டனின் குடித்தொகை ஏறக்குறையப் பத்து இலட்சம். 1851இல் அது 23 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய லண்டனில் மனிதக் கழிவு பெரும்பாலும் ஆற்றுக்குச் செல்வதில்லை. வீட்டின் அடியிலோ பின்புறத்திலோ செங்கல்லாற் கட்டிய மலக்குழி ஒன்று இருக்கும். அது நிறைந்ததும் இராக்காலத்தில் தொழிலாளர் வந்து, அள்ளி, வண்டியிலேற்றி, நகர்ப்புறத்துத் தோட்டக்காரருக்கு எருவாக விற்பர். தெருக்கால்வாய்கள் மழைநீர் ஓடுவதற்கென்றே அமைந்தவை. வீட்டுக் கழிவை அவற்றுள் விடுவது 1815ஆம் ஆண்டுவரை தடைசெய்யப்பட்டிருந்தது. இந்த ஏற்பாடு அருவருப்பானதுதான். குழிகள் கசிந்து அயற்கிணறுகளைக் கெடுத்ததும் உண்டு. ஆனால் நிலத்தில் விளைந்தது நிலத்துக்கே திரும்பியது. நதியும் ஓரளவு தப்பியிருந்தது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் சல்மன் என்னும் மீன் அந்நாளில் லண்டன் நகரத்தருகே பிடிபட்டது.

இந்த ஒழுங்கைக் குலைத்தவை மூன்று. முதலாவது, நகரம் பெருகப் பெருக வயல்கள் தூரத்துக்குப் போயின. எருவை வண்டியில் ஏற்றிச் செல்லும் செலவு கூடிற்று. இரண்டாவது, 1840களில் தென்னமெரிக்காவிலிருந்து கடற்பறவைகளின் எச்சம் கப்பல் கப்பலாக வந்திறங்கியது. உழவர் அந்த எருவையே விரும்பினர். மூன்றாவது, நீரூற்றிக் கழுவும் மலசலகூடம் வீடுகளிற் புகுந்தது. 1851ஆம் ஆண்டு நடைபெற்ற பெரும் பொருட்காட்சியிலே இத்தகைய மலசலகூடங்களைக் காசு கொடுத்துப் பயன்படுத்தியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர். புதுமை வீட்டைத் தூய்மையாக்கியது மெய்யே. ஆனால் குடங்குடமாகக் கொட்டிய நீர் மலக்குழிகளை நிரப்பி வழியச் செய்தது. ஆதலால், தடை நீங்கிய தெருக்கால்வாய்களோடு வீட்டுக் குழாய்கள் இணைக்கப்பட்டன. அக்கால்வாய்கள் யாவும் தேம்ஸ் நதியிலே முடிந்தன.

அக்காலத்து அறிஞர் பலர், நோய் என்பது துர்நாற்றத்தினாலே பரவுவது என்று நம்பினர். பொதுச் சுகாதாரத்துக்காகப் பெரிதும் உழைத்த எட்வின் சட்விக் என்பவரும் அந்த நம்பிக்கையினரே. வீட்டின் கீழே கிடக்கும் மலக்குழிகள்தாம் நோயின் ஊற்று. அவற்றை ஒழித்து, அழுக்கை நீர்விட்டு அடித்து ஆற்றிலே சேர்த்துவிட்டால் மக்கள் பிழைப்பர் என்று அவர் எண்ணினார். 1840களின் பிற்பகுதியில் அவ்வாறே செய்யப்பட்டது. பல்லாயிரம் மலக்குழிகள் மூடப்பட்டன; பல ஆண்டுகளாகக் கால்வாய்களிற் கிடந்த சேறும் வாரி ஆற்றினுள் தள்ளப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த அந்தக் காரியம் பெருந்தீங்காய் முடிந்தது. ஏனெனில், லண்டன் மக்களுட் பெருந்தொகையினர் குடித்த நீர் அதே ஆற்றின் நீர். குடிநீர்க் கம்பனிகள் சில, கழிநீர் வந்து விழும் இடங்களுக்கு அருகிலேயே குழாய்களை வைத்து நீரை உறிஞ்சி விற்றுவந்தன.

1831இல் இங்கிலாந்தை முதன்முதலாக எட்டிய வாந்திபேதி, அடுத்த ஆண்டில் லண்டனில் 6,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1848-49ஆம் ஆண்டுகளில் 14,000க்கு மேற்பட்டோரும், 1853-54இல் 10,000க்கு மேற்பட்டோரும் மாண்டனர். காற்றிலன்று, குடிநீரிலேயே இந்நோய் வருகின்றது என்று 1849ஆம் ஆண்டிலேயே எழுதினார் ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர். 1854இல் புரோட் தெருவில் மூண்ட நோயை ஆராய்ந்து, அங்கிருந்த பொதுப் பம்பிலிருந்து நீரெடுத்தோரே பெரிதும் மடிந்தனர் என்று காட்டினார். அவர் வேண்டுகோளின்படி அப்பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. இதனினும் வலுவான சான்று ஒன்றையும் அவர் திரட்டினார். தென் லண்டனில் ஒரே தெருவிலே இரண்டு கம்பனிகளின் நீர் ஓடியது. ஒரு கம்பனி 1852இல் தன் குழாயைக் கழிநீர் சேராத மேலாற்றுக்கு மாற்றியிருந்தது. மற்றது நகர் நடுவிலேயே நீரெடுத்தது. இரண்டாவது கம்பனியின் நீரைக் குடித்த வீடுகளிலே சாவு பன்மடங்கு மிகுந்திருந்தது. தெரு ஒன்று, காற்று ஒன்று, நாற்றம் ஒன்று. நீர் மாத்திரமே வேறு. இவ்வளவு தெளிவான சான்றையும் அக்காலத்து அதிகாரிகள் ஏற்கவில்லை.

1855ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், விஞ்ஞானி மைக்கேல் பரடே படகிலே தேம்ஸ் வழியாகச் சென்றார். ஆற்றின் நிறம் அவரைத் திடுக்கிடச் செய்தது. வெண்ணிற அட்டைத் துண்டுகளை நனைத்து, ஒவ்வொன்றாக நீரில் விட்டுப் பார்த்தார். நல்ல வெயிலிலும், ஓர் அங்குலம் தாழுமுன்னே அவை கண்ணுக்கு மறைந்தன. இதனை விவரித்து ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்கு அவர் கடிதம் எழுதினார். அலட்சியம் தொடருமாயின், ஒரு வெப்பகாலம் வந்து அதன் தண்டனையை அளிக்கும் என்பது அக்கடிதத்தின் கருத்து. மூன்று ஆண்டுகளில் அந்த வெப்பகாலம் வந்தது.

1858ஆம் ஆண்டு ஆனி மாதம் லண்டனிற் கடும் வெயில் எறித்தது, மழை இல்லை, ஆறு சுருங்கியது. ஆற்றின் நாற்றம் நகரமெங்கும் பரந்தது. வரலாற்றாசிரியர் அதனைப் ‘பெருநாற்றம்’ என்றே பெயரிட்டு அழைப்பர். அந்த நாற்றத்தின் காரணத்தை இன்று நாம் தெளிவாக அறிவோம். ஆற்றில் விழும் சேதனப் பொருளை உண்டு அழிக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றிலேயே உள்ளன. அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். மிதமான வெப்பத்தில் ஓர் இலீற்றர் நீரிலே கரைந்திருக்கக் கூடிய ஒட்சிசன் ஏறக்குறைய 10 மில்லிகிராம் மாத்திரமே; நீர் சூடேறினால் அதுவும் குறையும். அழுக்குக் குறைவாயின் இந்தச் சிறு கையிருப்பே போதும். செலவானதைக் காற்றிலிருந்து ஆறு மீட்டுக்கொள்ளும். அழுக்கு அளவுக்கு மிஞ்சினால் ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்துபோகும். அப்பொழுது ஒட்சிசனின்றி வாழும் வேறொரு வகை நுண்ணுயிர்கள் ஆட்சிக்கு வரும். அவை அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை எழுப்பி, நீரைக் கறுப்பாக்கிவிடும். லண்டனின் நடுவே ஓடிய தேம்ஸ் அந்த நிலையை எய்தியிருந்தது.

பாராளுமன்றக் கட்டடம் ஆற்றங்கரையிலேயே நிற்பது. அதன் யன்னற் சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டு நீரில் தோய்த்துத் தொங்கவிட்டும் நாற்றம் அடங்கவில்லை. நிதி மந்திரியாய் இருந்த டிஸ்றேலி, கையிலே கடதாசிக் கட்டும் மூக்கிலே கைக்குட்டையுமாகக் குழுக்கூட்ட அறையை விட்டு வெளியேறினார் என்று பத்திரிகைகள் எழுதின. ஏழைகளின் தெருவிலே பல்லாயிரம் பேர் மாண்டபோது பல ஆண்டுகள் விவாதித்துக் கொண்டிருந்த சபை, தன் மூக்கிலே நாற்றம் ஏறியதும் விரைந்து எழுந்தது. ஆடி மாதம் 15ஆந் தேதி டிஸ்றேலி கொண்டுவந்த மசோதா, ஆவணி 2ஆந் தேதி சட்டமாயிற்று. பதினெட்டு நாளில் முடிந்த காரியம் அது. முப்பது இலட்சம் பவுண் கடன் வாங்கவும், திட்டத்தைத் தானே தீர்மானிக்கவும் மாநகர வேலைச்சபைக்கு அதிகாரம் கிடைத்தது. ஜோன் ஸ்னோ இதனைக் காணவில்லை. அந்தப் பெருநாற்றம் வீசிய ஆனி மாதத்தின் 16ஆந் தேதி, நாற்பத்தைந்து வயதில் அவர் காலமாகிவிட்டார்.

வேலைச்சபையின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற். 1819இற் பிறந்த அவர், இதற்குரிய திட்டத்தை முன்னரே வரைந்து வைத்துக் காத்திருந்தவர். அதன் அடிப்படை எளிது. பழைய கால்வாய்கள் யாவும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி ஓடின. அவற்றைக் குறுக்கே மறித்து, ஆற்றுக்கு ஒப்பாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருங்கால்வாய்களை அமைத்தால், கழிநீர் நகரத்தருகே ஆற்றில் விழாது. லண்டன் பாலத்துக்குக் கீழே பத்து மைலுக்கு அப்பால், வடகரையிலே பெக்டன் என்னும் இடத்திலும் தென்கரையிலே குறொஸ்னஸ் என்னும் இடத்திலும் அதனை விட்டுவிடலாம்.

சொல்ல எளிதான இத்திட்டம் செய்தற்கு அரியதாய் இருந்தது. பெருங்கால்வாய்களின் நீளம் 82 மைல். அவற்றோடு சேரும் தெருக்கால்வாய்கள் ஆயிரம் மைலுக்கு மேல். ஏறக்குறைய 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள் செலவாயின. அதுவரை பெருவேலைகளுக்குத் துணிந்து பயன்படுத்தப்படாத போட்லண்ட் சீமெந்தை, தொகுதி தொகுதியாகச் சோதித்துப் பார்த்த பின்னரே பசல்ஜெற் ஏற்றார். மைலுக்கு இரண்டடி சாய்வு கொடுத்து, நீர் தன் பாரத்தாலே ஓடுமாறு செய்தார். தாழ்ந்த நிலங்களில் நீராவி எந்திரங்களால் நீரை மேலேற்றினார். குறொஸ்னஸ் நிலையம் 1865ஆம் ஆண்டிலும், வடகரையின் அபி மில்ஸ் நிலையம் 1868ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. ஆற்றின் சேற்றுக்கரையை மீட்டுக் கட்டிய விக்ரோறியா அணைக்கரை 1870இல் நிறைவெய்தியது. இன்று அதன்மேல் உலாவுவோரின் காலடியிலே பசல்ஜெற்றின் கால்வாய் ஓடிக்கொண்டிருக்கின்றது.

வேலை முற்றுப்பெறுமுன்னே அதன் பயன் கொடியதொரு முறையில் மெய்ப்பிக்கப்பட்டது. 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தது. அம்முறை அது மூண்டது கிழக்கு லண்டனில். புதிய கால்வாய்கள் இன்னும் இணைக்கப்படாதிருந்த பகுதி அதுவே. அங்கே 5,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னர் ஸ்னோவின் கொள்கையை ஐயுற்றிருந்த புள்ளிவிவர அறிஞர் வில்லியம் பார், சாவுக் கணக்கை ஆராய்ந்து, குடிநீரே காரணம் என்று ஒப்புக்கொண்டார். அதன் பின்னர் லண்டனில் வாந்திபேதி கொள்ளைநோயாய்ப் பரவவில்லை. 1892ஆம் ஆண்டில், எல்ப் நதியின் வடிகட்டாத நீரைக் குடித்த ஹம்பேர்க் நகரத்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர், லண்டன் தப்பியது.

இத்துடன் கதை முடிந்தது என்று பலர் எழுதுவர். நகரத்து மக்களுக்கு அது முடிவுதான், நதிக்கு அன்று. பசல்ஜெற் கழிநீரை இடம் மாற்றினாரேயொழியத் தூய்மை செய்யவில்லை. பெக்டனிலும் குறொஸ்னசிலும் அதனைப் பெருந்தொட்டிகளிலே தேக்கி, வற்று நீர் கடலை நோக்கி ஓடத் தொடங்கும் வேளையிலே மடை திறந்து விடுவர். ஆறு அதனைக் கடலிற் சேர்த்துவிடும் என்பது எண்ணம். ஆனால் தேம்ஸ், வற்றும் பெருக்கும் உள்ள ஆறு. வற்றோடு போன நீர் பெருக்கோடு திரும்பிவரும். மழையற்ற காலத்தில், விட்ட அழுக்குக் கடலை அடையப் பல வாரங்கள் செல்லும். அதுவரை அது மேலுங் கீழுமாக அலைந்துகொண்டிருக்கும். நம் வீட்டுக் குப்பையைக் கூட்டி அயலான் வளவுக்குள் தள்ளினால் நம் முற்றம் துப்புரவாகும், குப்பை ஒழிந்ததாகாது. தங்கள் ஆறு கெட்டுப்போயிற்று என்று பார்க்கிங் ஊரார் 1860களின் இறுதியிலேயே முறையிட்டனர். அவர் குரல் பாராளுமன்றத்தின் மூக்கை எட்டவில்லை.

1878ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் 3ஆந் தேதி மாலை, ‘பிரின்சஸ் அலிஸ்’ என்னும் உல்லாசப் படகு நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிக் கொண்டிருந்தது. குழந்தைகளோடு ஒருநாட் பொழுதைக் கழித்து வந்த சாதாரண மக்களே அதிற் பெரும்பாலோர். வுலிச்சுக்கு அருகில், ‘பைவெல் காசில்’ என்னும் நிலக்கரிக் கப்பல் அப்படகின்மீது மோதிற்று. சில நிமிடங்களிலே படகு பிளந்து மூழ்கியது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விழுந்த இடம், இரு கழிநீர் வாய்களுக்கும் அருகிலுள்ள ஆற்றுப்பகுதி. சற்று முன்னர்தான் மடைகள் திறக்கப்பட்டிருந்தன. அந்த நீரில் நீந்தவும் இயலவில்லை என்று தப்பியோர் கூறினர். கரையேறியவருட் சிலரும் பின்னர் நோயுற்று இறந்தனர். விபத்துக்குக் காரணம் மாலுமிகளின் பிழையே. எனினும், நகரத்தார் மறந்துவிட்ட தம் கழிநீரை, நகரத்து மக்களே அந்த மாலைப்பொழுதில் எதிர்கொள்ள நேர்ந்தது.

1882இல் பிறம்வெல் பிரபுவின் தலைமையில் ஓர் அரச விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. கழிநீரை அப்படியே ஆற்றில் விடுவது பொறுக்கத் தக்கதன்று. அதிலுள்ள திண்மப் பொருளையேனும் பிரித்தெடுத்தல் வேண்டும் என்று 1884இல் அக்குழு தீர்ப்பளித்தது. வேலைச்சபையின் இரசாயன நிபுணர் வில்லியம் டிப்டின் வகுத்த முறைப்படி, சுண்ணாம்பும் இரும்புச் சல்பேற்றும் கலந்து, கசடைப் படியச் செய்யும் தொட்டிகள் கட்டப்பட்டன. பெக்டனில் 1889ஆம் ஆண்டிலும், குறொஸ்னசில் 1891ஆம் ஆண்டிலும் அவ்வேலை நிறைவேறியது. இவ்வாறு, வெறும் கழிநீர் வாயாக இருந்த பெக்டன், சுத்திகரிப்பு நிலையமாகப் பிறந்தது. ஆற்று நீர் சற்றுத் தெளிந்தது. விலகிச் சென்ற மீன்கள் சில திரும்பின. ஆயினும் படிந்த கசடை என் செய்வது? 1887ஆம் ஆண்டு முதல், ஆயிரம் தொன் கொள்ளும் கப்பல்களில் அதனை ஏற்றிச் சென்று, தேம்ஸின் கழிமுகத்துக்கு அப்பாற் கடலிலே கொட்டினர். அக்கப்பல்களுள் முதலாவதற்கு இட்ட பெயர் பசல்ஜெற் என்பது. இம்முறை அயலானின் வளவாகக் கடல் அமைந்தது.

டிப்டினின் பெருமை சுண்ணாம்புத் தொட்டிகளோடு முடியவில்லை. கழிவை உண்மையில் அழிப்பவை நுண்ணுயிர்களே. அவற்றைக் கொல்வதற்குப் பதிலாக வளர்த்து வேலைவாங்க வேண்டும் என்று அவர் 1880களிலேயே வாதித்தார். 1890களிற் பெக்டன் நிலையத்திலே, ஓர் ஏக்கர் பரப்பிற் கற்கரித் துண்டுகளைப் பரப்பி, அவற்றின்மேல் நுண்ணுயிர்களை வளர்த்துக் கழிநீரைச் செலுத்திப் பார்த்தார். ஆறு பல மைல் ஓடிச் செய்யும் வேலையை ஒரு சிறு நிலத்துள்ளே செய்விக்கும் முயற்சி அது.

அந்த முயற்சி முழுமை பெற்றது மன்செஸ்டரில். அந்நகரத்து டேவிஹுல்ம் நிலையத்தில் எட்வேட் ஆடன், வில்லியம் லொக்கற் என்னும் இருவர், கழிநீருள்ளே காற்றைச் செலுத்தி ஆராய்ந்தனர். முதன்முறை நீர் நன்றாகத் தெளியச் சில வாரங்கள் சென்றன. அடியிற் படிந்த சேற்றை முன்னோர் எறிந்துவிடுவர். இவர்களோ அதனைப் பேணிவைத்து, புதிய கழிநீரை அதன்மேல் ஊற்றி மீண்டும் காற்றூதினர். ஒவ்வொரு முறையும் வேலை விரைவாயிற்று. ஈற்றில், வாரக்கணக்கிற் சென்ற வேலை ஒரு நாளைக்குட் குறுகியது. பாலைத் தயிராக்க நேற்றைய தயிரிலே சிறிது எடுத்து உறையிடுகின்றோமல்லவா? அதுபோன்றதே இதுவும். பேணிவைத்த சேறு முழுவதும் பசியோடிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம். 1914ஆம் ஆண்டு சித்திரை மாதம் 3ஆந் தேதி இருவரும் இதனை அறிஞர் சபையில் வெளியிட்டனர். இன்று உலகின் பெருநகரங்களிலே பெரும்பாலானவை கையாளும் முறை இதுவே.

பெக்டனிலும் இதே முறைதான். வரும் கழிநீரைக் கம்பித் தட்டிகளினூடே விட்டுக் கந்தல், தடி முதலியவற்றை நீக்குவர், மணலைப் பிரிப்பர், தொட்டியில் அமைதியாய் நிறுத்திக் கசடைப் படியவிடுவர். பின்னர் நீர் நீண்ட கால்வாய் போன்ற தொட்டிகளுக்குச் செல்லும். அங்கே இடையறாது காற்றூட்ட, உறைச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும். இறுதித் தொட்டியிலே சேறு தாழும். தெளிநீர் மேலே வழிந்து ஆற்றுக்குப் போகும். தாழ்ந்த சேற்றில் ஒரு பங்கு அடுத்த உறைக்காகத் திரும்பும். ஆற்றுக்கு விடத்தக்க நீர் எவ்வளவு தூயதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு, 1912ஆம் ஆண்டிலேயே அரச விசாரணைக்குழு ஒன்று அளவு வகுத்தது. பத்து இலட்சம் பங்கு நீரில் மிதக்கும் பொருள் 30 பங்குக்கு மேலும், ஐந்து நாளில் நுண்ணுயிர்கள் அதிலுள்ள கழிவை அழிக்கச் செலவிடும் ஒட்சிசன் 20 பங்குக்கு மேலும் இருத்தலாகாது என்பது அதன் விதி. பிற நாடுகள் பலவும் அதனைப் பின்பற்றின.

வழி தெரிந்த பின்னும் லண்டன் காலந்தாழ்த்தியது. நகரின் மேற்கே மொக்டன் நிலையம் 1936இல் திறக்கப்பட்டு, 28 சிறு நிலையங்களின் வேலையை ஏற்றது. பெக்டனிற் புதிய முறை 1930களில் ஒரு பகுதிக்கே அமைந்தது. குடித்தொகை பெருகிற்று; போர்க்காலக் குண்டுகள் நிலையங்களைச் சேதப்படுத்தின; போருக்குப் பின்னர் வந்த செயற்கைச் சலவைத்தூள்கள் ஆற்றை நுரை மூடச் செய்தன. 1950களில், வெப்பகாலங்களிலே லண்டனுக்குக் கீழுள்ள பல மைல் நீளத்துக்கு ஆற்றில் ஒட்சிசன் அறவே இல்லாது போயிற்று. கியூவுக்கும் கிரேவ்சென்டுக்கும் இடையே, விலாங்கு ஒன்றைத் தவிர வேறு மீன் நிலைத்து வாழ்வதில்லை என்று 1957ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பெருநாற்றம் வீசி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் நதி இறந்தே கிடந்தது.

ஆற்றின் நோயை ஆராய 1951இல் நியமிக்கப்பட்ட குழு பத்து ஆண்டு உழைத்து, 1961இல் அறிக்கை தந்தது. ஆற்றை வதைக்கும் பாரத்திற் பெரும்பங்கு கழிநீர் நிலையங்களிலிருந்தே வருகின்றது. ஆதலால் நிலையங்களைத் திருத்தினால் ஆறு தானே பிழைக்கும் என்பது அதன் சாரம். 1960களின் முற்பகுதியிற் குறொஸ்னசும், 1970களின் நடுப்பகுதியிற் பெக்டனும் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. ஆற்றங்கரை மின்சார நிலையங்கள் எந்திரங்களைக் குளிரச் செய்ய ஆற்று நீரை உறிஞ்சும்போது, வலைத்தட்டிகளிலே அகப்படும் மீன்களை அறிஞர் எண்ணிவந்தனர். 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஆண்டுதோறும் புதிய மீனினங்கள் அத்தட்டிகளிலே தோன்றின. 1974ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், மேற்குத் துறொக் மின்சார நிலையத்துத் தட்டியில் எட்டு இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட சல்மன் மீன் ஒன்று கிடைத்தது. 1833க்குப் பின்னர் தேம்ஸிலே கண்ட முதற் சல்மன் அதுவே. சல்மன் அந்த ஆற்றை மீண்டும் நிலையான வீடாக்கிக் கொள்ளவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட மீனினங்களும், கடற்குதிரைகளும், கடல்நாய்களும் இன்று தேம்ஸின் கழிமுகப் பகுதியில் வாழ்கின்றன.

கடலிற் கசடைக் கொட்டும் வழக்கமும் 1998ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. ஏறக்குறைய நூற்றுப் பத்து ஆண்டுகள் நடைபெற்ற கப்பலோட்டம் அது. கசடை எரித்து வெப்பமும் மின்சாரமும் பெறும் உலைகள் இரு நிலையங்களிலும் அமைக்கப்பட்டன.

ஒரு குறை மாத்திரம் பசல்ஜெற்றின் காலத்திலிருந்து தொடர்ந்து வந்தது. அவருடைய கால்வாய்களில் மழைநீரும் கழிநீரும் ஒன்றாகவே ஓடுவன. பெருமழையில் அவை நிறைந்தால் வீடுகளுள் நீர் எதிர்த்தேறும். அதனைத் தடுக்க, மிஞ்சியதை ஆற்றிலே விடும் போக்குவாய்களை அவர் அமைத்தார். குடித்தொகை பெருகி, மண் தரையெல்லாம் கல்லும் தாருமாகிய பின்னர், எப்போதோ திறக்க வேண்டிய அவ்வாய்கள் வாரந்தோறும் திறக்கலாயின. அண்மைக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடியே 90 இலட்சம் தொன் கலப்புக் கழிநீர் இவ்வழியாக ஆற்றைச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் பெருமழைகளின் பின்னர் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இதற்கு மாற்றாக, அபி மில்சிலிருந்து பெக்டன்வரை ஆழமான சுரங்கக் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டு, 2016இல் திறக்கப்பட்டது. அதனோடு சேருமாறு, மேற்கே அக்ற்றனிலிருந்து ஆற்றின் அடியாகவே வரும் 25 கிலோமீற்றர் நீளமான இன்னொன்றும் வெட்டப்பட்டது. அதன் விட்டம் 7 மீற்றருக்கு மேல். 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அதன் கடைசி இணைப்பும் முடிவுற்றது. மழைக்காலத்து மிகுநீரிற் பெரும்பகுதி இப்பொழுது அங்கே தேங்கிநின்று, பெக்டனுக்குச் சென்று, தூய்மை பெற்ற பின்னரே ஆற்றை அடைகின்றது.

நேயர்களே, இந்த இருநூறு ஆண்டுகளிலே லண்டன் மாநகரம் தன் கழிவை நான்கு முறை இடம் மாற்றியது. வீட்டுக் குழியிலிருந்து தெருக்கால்வாய்க்கும், நகரத்து ஆற்றிலிருந்து கீழாற்றுக்கும், கீழாற்றிலிருந்து கடலுக்கும் அது தள்ளப்பட்டது. கடலும் மறுக்கப்பட்ட பின்னர் உலையிற் புகுந்தது. ஒவ்வொரு முறையும், கண்ணுக்கு மறைந்ததனால் காரியம் தீர்ந்தது என்று அதனை மாற்றியோர் எண்ணினர். கீழே வாழ்ந்தோர் அதன் விலையைக் கொடுத்தனர். நதி பிழைத்தது, கழிநீர் தொலைவுக்குச் சென்றமையால் அன்று. ஆற்றின் வேலையை மனிதர் தம் தொட்டியிலே, தம் செலவிலே, முன்கூட்டிச் செய்து முடித்தமையாலேயே.

குறொஸ்னசின் பழைய எந்திரச்சாலை இன்று அரும்பொருட்சாலையாக நிற்கின்றது. தொண்டர்கள் பல்லாண்டு துருநீக்கிச் செப்பனிட்ட நீராவி எந்திரம் ஒன்று, 1865ஆம் ஆண்டைப் போலவே விழா நாட்களில் ஆடி அசைகின்றது. மக்கள் சென்று அதன் அழகிய இரும்பு வேலைப்பாட்டைக் கண்டு வியக்கின்றனர். ஆற்றின் மறுகரையில், காண்போர் எவருமின்றி, நாற்பது இலட்சம் மக்களின் கழிநீரை இரவும் பகலும் ஏற்றுத் தெளிவித்துக் கொண்டிருக்கின்றது பெக்டன். அதற்கு விழா நாளும் இல்லை. ஓய்வு நாளும் இல்லை. அது ஒரு வாரம் நின்றுபோனால், தேம்ஸ் மீண்டும் 1858ஐ நோக்கித் திரும்பிவிடும்.